நாற்சந்தியில் கிடைத்த விடை: நிப்பா கிருமியைக் காட்டிக்கொடுத்த நான்கு பார்வைகள்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போனால், சிறிது நேரத்தில் நெகிரி செம்பிலான் எல்லை வந்துவிடும். அம்மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்ற கிராமங்கள் உள்ளன. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இக்கிராமங்களில் மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். இராணுவம் வந்து பன்றிகளைக் கொன்று புதைத்தது.

அந்தத் துயரத்தை நம்மில் பலர் மறக்கவில்லை. ஆனால், கொன்றது எது என்று எப்படித் தெரிந்தது? அந்த வரலாறு பலருக்குத் தெரியாது.

தவறிய முதல் கணிப்பு

1998 செப்டம்பரில் பேரா மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் நோய் தொடங்கியது. கடுங்காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம், மரணம். சில இரத்த மாதிரிகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அடையாளம் தெரிந்ததால், கொசுவினால் பரவும் அந்த நோய்தான் இது என்று முடிவு செய்யப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள். மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை.

சில விஷயங்கள் பொருந்தவும் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. பக்கத்திலேயே குடியிருந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

இதற்கிடையில் பேராவிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் தெற்கே இறங்கி நெகிரி செம்பிலானுக்கு வந்துவிட்டது.

முதல் பார்வை: ஒளி

1999 மார்ச் தொடக்கத்தில், நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்தது. அங்கே டாக்டர் சுவா காவ் பிங் அதை வளர்ப்பு உயிரணுக்களில் இட்டுக் காத்திருந்தார். சில நாட்களில் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒரு மாற்றம் தெரிந்தது. தனித்தனியாக இருந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்து பேரணுக்களாகிக் கிடந்தன. ஏதோ ஒரு கிருமி உள்ளே இருக்கிறது.

ஆனால் எந்தக் கிருமி? ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இந்த எல்லையைச் சொல்லிவிட்டார். அதனால் கிருமி செய்த சேதம் தெரிந்தது. அதன் உருவம் தெரியவில்லை.

இரண்டாம் பார்வை: மின்னணு

சுவா மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில் உள்ள நோய்த் தடுப்பு மைய ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கி இருந்தது. 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் உருவாக்கிய கருவியின் வழிவந்தது அது. ஒளிக்குப் பதில் மின்னணுக் கற்றையால் பார்ப்பது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி ஏறத்தாழ 50 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டை. திரையில் தெரிந்ததோ வேறு. பெரிய உருவங்கள்; உள்ளே மீன்முள் போல வரிவரியான இழைகள். தட்டம்மைக் கிருமி சேர்ந்த பாராமிக்ஸோ குடும்பத்தின் சாயல் அது. ஆறு மாத காலம் நாடு போராடியது வேறொரு எதிரியோடு என்பதை அந்தப் படம் உணர்த்தியது.

மூன்றாம் பார்வை: ஒளிரும் சாயம்

உருவம் குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அட்லாண்டாவில் உள்ள தலைமை மையத்தில், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு சோதித்தார்கள். குறிப்பிட்ட கிருமி இருந்தால் மட்டுமே உயிரணு ஒளிரும். 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கான எதிர்ப்பொருளை இட்டதும் உயிரணுக்கள் ஒளிர்ந்தன. மரபணுவைப் படித்தபோது, இது ஹெண்ட்ராவின் நெருங்கிய உறவு, ஆனால் உலகுக்குப் புதிய கிருமி என்று தெளிவானது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைக் கவனித்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்துவிட்டிருந்தார்கள்.

நான்காம் பார்வை: இறந்தவர் சொன்னது

கிருமி உடலுக்குள் என்ன செய்தது? மலாயாப் பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறு நிபுணர் வோங் கும் தோங்கும் அவருடைய குழுவினரும், இறந்த 32 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒளி நுண்ணோக்கி, கிருமியை நிறமேற்றிக் காட்டும் முறை, மின்னணு நுண்ணோக்கி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிருமி மூளையின் சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கி அடைக்கிறது, நரம்பணுக்களுக்குள்ளும் புகுகிறது என்பது புலப்பட்டது. அதே ஆண்டில், தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து கிருமியைப் பிரித்தெடுத்த செய்தியை சுவாவின் குழு வெளியிட்டது.

இன்று ஒரே உயிரணுவை முதலில் ஒளிரும் சாயத்தாலும், பிறகு அதே இடத்தை மின்னணுவாலும் பார்த்து, இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். கருவி வளர்ந்துவிட்டது, அடிப்படை மாறவில்லை. ஒன்று இடத்தைக் காட்டும், ஒன்று உருவத்தைக் காட்டும், ஒன்று பெயரைச் சொல்லும்.

2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா தலைகாட்டியபோது, மரபணுச் சோதனையால் மணிப்பால் ஆய்வகமும் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனமும் அதை விரைவில் அடையாளம் கண்டன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெயரும் மரபணு விவரமும் அப்போது இருந்தன. 1998-இல் ஈப்போவில் விழுந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒரே சாலையில் வந்து நின்று, இதுதான் ஊர் என்று முடிவுகட்டியதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. நான்கு சாலையும் கூடுகிற இடத்தில் நின்று பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சிம்பாங் அம்பாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?