கால்டுவெல் தம்பதிகளின் கடைசி முப்பது வாரங்கள்

ஒரு சமூகத்தார் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுதப் புகுங்கால், தமக்கு நன்மை செய்தாரை ஓர் ஏட்டிலும், தம்மை நோகச் செய்தாரை மற்றோர் ஏட்டிலும் எழுதி வைத்தல் எளிது. ஒருவரே இரண்டையும் செய்திருப்பின் அவரை எந்த ஏட்டில் எழுதுவது? நாடார் மக்களாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. அத்தியட்சர் கால்டுவெல் ஐயரவர்களின் நாமத்தைச் சொன்ன மாத்திரத்தில் நம் பெரியோருள் சிலர் கைகூப்புவதையும், வேறு சிலர் முகஞ்சுளிப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. ஆதலின் அவரும், அவர்தம் மனைவியார் எலைசா அம்மையாரும் ஒருங்கே வாழ்ந்த கடைசி வாரங்களை முன்னிட்டு, அவ்விருவரின் ஊழியத்தை ஈண்டு ஒருவாறு ஆராய முற்படுகின்றோம்.

1891-ம் வருஷம் ஜனவரி மாத முடிவில் கால்டுவெல் தமது அத்தியட்ச பதவியைத் துறந்தார். 1814-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து தேசத்திற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது 76. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கி 53 வருஷங்கள் நிறைந்துவிட்டன. வேலை முடிந்த வெள்ளைக்காரர் கப்பலேறித் தம் சொந்த நாட்டுக்குத் திரும்புவதே அந்நாளைய வழக்கம். சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்பட்டபின் அப்பிரயாணமும் முன்போல் நீண்டதாயில்லை. அவர் மூன்றுமுறை சீமைக்குப் போய் மீண்டவர், வழியறியாதவர் அல்லர். எனினும் முதிய தம்பதிகள் கப்பலேறவில்லை. கோடைக்கானல் மலையில் வாசஞ்செய்யத் துணிந்தனர்.

கோடைக்கானல் அக்காலத்தில் இன்றுபோல் ஜனத்திரள் மிகுந்த ஊரன்று. சமவெளியின் காய்ச்சலாலும் பேதியாலும் தம் குடும்பங்களில் பலரை இழந்த மதுரை அமெரிக்க மிஷனெரிமார், 1845-ல் அங்கே முதன்முதல் இரண்டு வீடுகள் கட்டினர். அங்குள்ள ஏரி, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையவர்களால் 1863-ல் அமைக்கப்பட்டது. மலைச்சரிவின் ஓரமாகச் செல்லும் உலாவுபாதை 1872-ல் கோக்கர் என்னும் துரையால் வெட்டப்பட்டது. மலைக்கு வண்டிப்பாதை இல்லை. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, பெரியகுளம் மார்க்கமாக அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரைமேலோ, கூலியாட்கள் தோளிற் சுமக்கும் டோலியிலோ செங்குத்தான ஒற்றையடிப்பாதையில் ஏறவேண்டும். 76 வயதுடையாருக்கும் 70-ஐ நெருங்கும் அம்மையாருக்கும் அது இலேசான பயணமன்று.

காட்சிகளைக் கண்டறிதல் கால்டுவெலுக்கு இளமையிலிருந்தே உவப்பானது. 1841-ம் வருஷம் அவர் சென்னையினின்று தரங்கம்பாடி, தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை ஆகிய இடங்களைக் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார். பிற்காலத்தில் பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையில் நிலத்தைத் தோண்டிப் பார்த்து, கடல் பின்வாங்கிய வரலாற்றை ஆராய்ந்தார். காயல் துறையில் சீனத்துப் பீங்கானோடுகளையும் அரபு நாட்டு மட்கலவோடுகளையும் பொறுக்கியெடுத்து, மார்க்கோ போலோ கூறிய துறைமுகம் அதுவே எனத் தெளிந்தார். இவையெல்லாம் 1881-ல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இடம்பெற்றன. இவ்வாறு ஒரு நாட்டின் மண்ணையே கிளறிப் பார்த்தவர், கடைசியில் அம்மலையுச்சிக்கு வந்து தங்கினார். மேகமில்லாத நாளில் கோக்கர் பாதையில் நின்று நோக்குவார்க்குக் கீழே மதுரைச் சமவெளி விரிந்து தோன்றும். இடையன்குடியின் செம்மணல் தேரியோ அங்கிருந்து கண்ணுக்கெட்டாது.

அந்நிய தேசத்தில் ஊழியஞ்செய்த தம்பதிகள் என்று இவர்களைச் சொல்வது வழக்கம். கணவரைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. எலைசா அம்மையாரைப் பொறுத்தமட்டில் அச்சொல் பொருந்துமா என்பது ஆலோசிக்கத்தக்கது. அம்மையார் 1822-ல் நாகர்கோவிலிற் பிறந்தவர். அங்கே மிஷனெரிகளாயிருந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்பாரின் புதல்வியார். தொட்டிலில் கேட்ட ஓசையிலேயே தமிழும் இருந்தமையால், பேச்சுத் தமிழில் கணவரினும் தேர்ந்தவர் என்பர். 1844-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி நாகர்கோவிலில் விவாகம் நடந்தது. மணமகள் புக்ககமாக வந்து சேர்ந்த இடம் நம் பனங்காட்டு நடுவேயுள்ள இடையன்குடி. திராவிட பாஷைகள் சமஸ்கிருதத்தினின்று பிறந்தவையல்ல, தனிக்குடும்பமே என்று நாட்டிய ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தபோது உலகம் கணவரைப் புகழ்ந்தது. அவர் இல்லத்தில் அன்றாடம் வழங்கிய தமிழுக்கு உயிராயிருந்த அம்மையாரை அப்புகழுரைகளில் காண்பது அரிது.

மார்த்தா அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னுந் தொழிலையும் கற்பித்தார். அவர் புதல்வியார் அதனையே இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பஞ்சடைத்த திண்டின்மேல் காகித மாதிரியை விரித்து, குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, சிறு கட்டைகளிற் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவதே அத்தொழில். ஆடவர் பனையேறிப் பதனீர் இறக்க, பெண்டிர் அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்து ஓயாது உழைத்த வீடுகளில், ஒரு பெண் நிழலில் அமர்ந்து தன் கைத்தொழிலால் தனக்கென ஊதியம் பெற்றது அதுவரை காணாத காட்சியாகும். அத்திண்டின் அருகே புத்தகமும் இருந்தது. நம் குடும்பங்களில் எத்தனை பாட்டிமார் வாசிக்கத் தெரிந்தவராயிருந்தனர் என்பதை எண்ணுவோர் இதனை அற்பமென்று தள்ளார்.

இனி, மறைக்கக் கூடாததையும் எழுதவேண்டும். 1849-ல் கால்டுவெல் நம் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். சீமையிலுள்ள கிறிஸ்தவர்களின் மனத்தை ஊழியத்தின்பால் திருப்புவது அதன் நோக்கம். ஆனால் நம்மவரின் தோற்றத்தையும் அறிவையும் நடையையும் அவர் அதில் இழித்தெழுதினார். நம் வீட்டு வாசலிலேயே குடியிருந்து, நம் கிணற்று நீரைப் பருகி, நம்மைப் பற்றி நாம் வாசிக்கமாட்டோம் என்றெண்ணி எழுதியது போன்ற எழுத்து அது. ஆயின், அவரும் அவரனையாரும் வைத்த பள்ளிக்கூடங்களிற் படித்தவர்களே அதனை வாசித்தார்கள், மனம் புழுங்கினார்கள், மறுமொழி எழுதினார்கள். அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை 1857-ல் மிஷனெரிமாரின் அதிகாரத்தினின்று விலகிப் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவியதற்கு அந்நூலும் ஒரு காரணமாயிற்று. பின்னும் பல வருஷம் கண்டனங்களும் விண்ணப்பங்களும் எழுந்தன. முடிவில் ஆசிரியரே அதனைப் புழக்கத்தினின்று விலக்கிக்கொண்டார். அரசாங்க ஏடுகளில் நம்முடைய நாமம் நாடார் என்றே எழுதப்படவேண்டுமென்ற உத்தரவு 1921-ல் பிறந்தது. அதற்குப் பல்லாண்டு முன்னரே, எழுதுகோலை எழுதுகோலால் எதிர்த்து நின்ற அம்முன்னோர்களை நாம் மறத்தல் தகாது.

கோடைக்கானலில் இருந்த அந்த வாரங்களில் கால்டுவெல் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தாரா என்று கூற யாம் முற்படோம். நடந்ததை மட்டும் கூறுவோம். 1891-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, பதவி துறந்து ஏறக்குறைய 30 வாரங்கள் கழிந்த பின், தம் 77-ம் வயதில் அவர் அங்கேயே காலஞ்சென்றார். மலையில் அடக்கம் செய்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அங்கே ஆங்கிலேயருக்கு ஆலயமும் இருந்தது. ஆயினும் அவருடல் மலையினின்று இறக்கப்பட்டு, நெடுவழி கடந்து, ரயிலடியில்லாத இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. 1847-ல் வேலை தொடங்கி 33 வருஷம் சென்று 1880-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி பிரதிஷ்டையான பரிசுத்த திரித்துவ ஆலயத்திலே, பீடத்தின்கீழ் அவர் அடக்கஞ்செய்யப்பட்டார். எம்மக்களைப் பற்றி இழிவாக எழுதினாரோ, அம்மக்களின் நடுவிலேயே அவர் நிரந்தரமாய்த் துயில்கொள்ளுகிறார்.

47 வருஷம் உடனிருந்த துணைவரை இழந்த எலைசா அம்மையார் பின்னும் எட்டு வருஷம் வாழ்ந்து 1899-ல் காலஞ்சென்றார். கால்டுவெலுக்கு 1968-ம் வருஷம் உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் சென்னைக் கடற்கரையில் சிலை நாட்டப்பட்டது. 2010-ல் தபால் தலை வெளியாயிற்று. இடையன்குடியில் அவர் வசித்த வீடு 2011-ல் அரசாங்கத்தாரால் நினைவில்லமாயிற்று. அம்மையாருக்குக் கடற்கரையிற் சிலையில்லை. அவருக்குரிய ஞாபகச் சின்னம் நம் வீடுகளிலேயே இருத்தல் கூடும்.

இதனை வாசிக்கும் அங்கத்தினர்களும் தாய்மார்களும் ஒரு காரியம் செய்யவேண்டுமெனக் கேட்டுக்கொள்ளுகிறோம். பழைய மரப்பெட்டிகளின் அடியில் பாட்டி பின்னிய லேஸ் துண்டு, பின்னற் கட்டை, துளையிட்ட காகித மாதிரி முதலியன கிடக்குமாயின் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். அவ்வாறே பாட்டனார் கையொப்பமிட்ட விண்ணப்ப நகலோ, கண்டனப் பத்திரிகையோ இருக்குமாயின் செல்லுக்கு இரையாக்காதீர்கள். யார் பின்னியது, யார் எழுதியது, எவ்வூர் என்பதைக் கூடவே குறித்து வையுங்கள். லேஸ் துண்டு நாம் பெற்ற உபகாரத்துக்குச் சாட்சி. விண்ணப்ப நகல் நாம் பட்ட நோவுக்கும் நாம் காத்த மானத்துக்கும் சாட்சி. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அவ்வாறே இருக்கட்டும். கோடை விடுமுறையில் மலைக்குச் செல்லும் குடும்பத்தார் கோக்கர் பாதையில் நின்று தம் பிள்ளைகளுக்கு இவ்விருவர் கதையையும் ஒன்றையும் விடாமல் சொல்வார்களாக.