கரும்பு டிரெய்லர், பிக்கப் வண்டிகளை மாற்றி அமைப்பதில் உள்ள ஆபத்துகளும் பாதுகாப்பு வழிகளும்

கரும்பு அரவைப் பருவம் வந்துவிட்டால் கச்சிராயபாளையத்தில் உள்ள கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள் இரவும் பகலும் ஓடும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டிகளும் இதே சாலைகளில் இறங்குகின்றன. ஒரே நடையில் கூடுதல் லோடு ஏற்றினால் வாடகையும் டீசலும் மிச்சம் என்று பெட்டியின் பலகையை உயர்த்துவது, கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது, கொக்கியை மேலே ஏற்றி வெல்டிங் செய்வது போன்ற மாற்றங்களைப் பலர் செய்கிறார்கள்.

இப்படிச் செய்யும்போது வண்டியின் கொள்ளளவு கூடுகிறது. ஆனால் பிரேக்கும், அச்சும், இன்சூரன்ஸும் பழைய அளவிலேயே நிற்கின்றன. விபத்து என்று வரும்போது அந்த இடைவெளியை ஈடுகட்டுவது உயிராகவோ நிலமாகவோதான் இருக்கும்.

பிரேக் தாங்குமா?

நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் 2 டன், காலி டிரெய்லர் 2 டன், கரும்பு 8 டன் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 12 டன்னையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டுமே நிறுத்த வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து 10 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே லோடுடன் 40 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 16 மீட்டர் கடந்திருக்கும்.

வெள்ளிமலைச் சாலை போன்ற மலைச் சரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், 12 டன் வண்டியைச் சரிவே 1.2 டன் விசையுடன் கீழே தள்ளுகிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் மடித்துவிடும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது. ஏறும்போது போடும் அதே சிறிய கியரில்தான் இறங்க வேண்டும்.

பலகையை உயர்த்தினால் என்ன ஆகும்?

லோடு உயர உயர வண்டியின் எடை மையமும் மேலே போகிறது. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பு 30 கி.மீ. வேகத்தில் பத்திரமாகத் திரும்பிய வளைவில், பலகை உயர்த்திய பின் அதே வேகத்தில் வண்டி சாயலாம். மரவள்ளி மூட்டைகள் ஒரு பக்கம் சரிந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். ஸ்பிரிங் பட்டை சேர்ப்பதால் வண்டி தொய்யாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் டயர், அச்சு, பிரேக் ஆகியவற்றின் தாங்கு திறன் ஒரு கிலோகூட உயராது.

கொக்கியை உயர்த்தக் கூடாது

டிரெய்லரை மாட்டும் கொக்கி, பின் அச்சின் உயரத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதை மேலே ஏற்றினால், மேட்டில் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும். ஓட்டுபவர் குதிக்க நேரமே கிடைக்காது. ஸ்வீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் கவிழ்வுக் காப்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் அங்கு டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் மிகவும் குறைந்தனர். பட்டறையில் செய்து மாட்டும் கூரை வெயிலுக்கு மட்டுமே. கவிழும்போது அது காப்பாற்றாது.

பின்னால் வரும் இருசக்கர வாகனம்

இரவில் 50 கி.மீ. வேகத்தில் வரும் பைக், 30 மீட்டர் தூரத்தைச் சுமார் இரண்டு வினாடியில் கடந்துவிடும். விளக்கில்லாத டிரெய்லர் அவர் கண்ணில் பட்டு, அவர் பிரேக் பிடிப்பதற்குள் மோதிவிடுவார். டிரெய்லரின் தளம் பைக் ஓட்டுபவரின் மார்பு, தலை உயரத்தில் இருப்பதால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் பிழைப்பது கடினம். டிரெய்லரில் விளக்கு இருந்தும் தொங்கும் கரும்புத் தோகை அதை மறைத்துவிடுவது நாம் தினமும் பார்ப்பதுதான்.

சட்டமும் இன்சூரன்ஸும்

1. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

2. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பெட்டிக்கு வெளியே அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கும் லோடுக்கும் 20,000 ரூபாய்.

3. சரக்கு வண்டியில் சாதாரணப் பயணிகளாகச் செல்பவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி உடன் செல்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சந்தைக்கும் திருவிழாவுக்கும் பிக்கப்பில் ஏற்றிச் செல்லும் ஆட்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கான இழப்பீட்டை வண்டி உரிமையாளரே கட்ட நேரிடும். நிலத்தை விற்றாலும் அது போதாமல் போகலாம்.

4. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உண்டு. மட்கார்டில் குழந்தையை உட்கார வைப்பதைக் கட்டாயம் நிறுத்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை அளவைப் பெட்டியின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதி வையுங்கள். லோடு ஏற்றுபவர்களுக்கும் அது தெரியட்டும்.

• சாலையில் ஏறுவதற்கு முன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ் போட்டு இணையுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

• டிரெய்லரின் பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். கரும்பு ஏற்றிய பின், தோகைக்கு வெளியே தெரியும்படி ஒரு சிவப்பு ஒளிரும் பலகையைக் கயிற்றில் தொங்க விடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நடை வாடகைகூட வராது.

• கொக்கி முள்ளுக்குப் பூட்டுப்பின் போட்டு, தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள்.

• பஞ்சரானால் வண்டியைச் சாலையை விட்டு முடிந்தவரை ஓரம் கட்டுங்கள். 50 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலையிலேயே விட்டுச் செல்லாதீர்கள்.

• புதிய டிரெய்லர் வாங்கும்போது பிரேக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பாலிசியில் டிரெய்லர் சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஏற்றி இறக்கும் ஆட்களுக்குப் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

• விபத்து நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

“பத்து வருசமா இப்படித்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே” என்று பயிற்சிகளில் விவசாயிகள் சொல்வதுண்டு. பத்து வருடமாகத் திடீரென்று நிறுத்த வேண்டிய நிலை வரவில்லை என்பதே அதன் பொருள். லோடு வண்டியின் பிரேக் எவ்வளவு தாங்கும் என்பது, குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவரும் அன்றைக்குத்தான் தெரியும். உயர்த்திய பலகைகளை இந்த அரவைப் பருவத்துக்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஒரு நடை கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.