முகம் பார்த்த ஆடியும் வான் பார்த்த ஆடியும்

சனி பெயர்கிறது என்று இரண்டரை ஆண்டுக்கொருமுறை திருநள்ளாற்றில் மக்கள் வெள்ளம் திரள்கிறது. அருகே விழிதியூரில் வாழும் நாம் அதைக் கண்டே வளர்ந்தோம். அஞ்சி வணங்கப்படும் அக்கோளை ஆறங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கியில் பாருங்கள். வளையம் பூண்ட எழில் உருண்டையாய் நிற்கும். அந்த ஆடியை விலைகொடுத்து வாங்கவும் வேண்டா. கையால் தேய்த்தே செய்துவிடலாம்.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசைத்தொழில் புரிந்த வில்லியம் எர்செல் அப்படித்தான் செய்தார். இராபர்ட் சுமித் எழுதிய ஒளியியல் நூலைப் படித்தார், செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்தார், தேய்த்தார். ஒருமுறை பதினாறு மணிநேரம் ஆடியிலிருந்து கையெடுக்கவில்லையாம். தங்கை கரோலின் உணவை அவர் வாயில் ஊட்டினார். அவ்வம்மையாரே எழுதிவைத்த செய்தி இது. 1781 மார்ச் 13 அன்று, சனிக்கு அப்பாலும் ஒரு கோள் உண்டென்பதை அவர் கையால் மெருகிட்ட ஆடி காட்டிற்று. அதுவே யுரேனசு.

செம்பு இரு பங்கு, வெள்ளீயம் ஏறத்தாழ ஒரு பங்கு. இக்கலவை நம் மண்ணுக்குப் புதிதா? கேரளத்து ஆரன்முளையில் கம்மியர் வார்த்து மெருகிடும் உலோகக் கண்ணாடியும் ஏறக்குறைய இதே கலவைதான்! அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து சென்றவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. அந்தக் கண்ணாடி தட்டையானது. நான்கடிக் குவியத் தொலைவுள்ள ஆறங்குல ஆடிக்கு நடுவில் வேண்டும் குழிவோ ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் குழிவை இங்கு ஏன் எவரும் தேய்க்கவில்லை? கைத்திறன் குறைந்ததாலா? இல்லை. உலோகம் உருக்கியவன் கையில் கணித ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவன் உலைக்களத்தை எட்டிப் பார்த்ததில்லை. அங்கே ஓர் இசைவாணனுக்கு ஒளியியல் நூல் கிடைத்தது. இங்கே கலவையின் அளவுகூடக் குடும்ப மறைபொருளாய்ப் பூட்டிக் கிடந்தது.

உலோகத்தின் இடத்தில் வெள்ளி பூசிய கண்ணாடியைக் கொணர்ந்தவர்களுள் ஒருவர், அன்று காரைக்காலை ஆண்ட பிரான்சு நாட்டின் பூக்கோ. இன்று செய்முறை எளிது. இரண்டு கண்ணாடி வட்டுகள். நடுவே கார்போரண்டம் தூளும் நீரும். மேல்வட்டை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும், சற்றுத் திருப்ப வேண்டும், மேசையைச் சுற்றி நகர வேண்டும். மேல்வட்டு குழியும்; கீழ்வட்டு புடைக்கும். தூளை வரவர நுண்ணியதாக மாற்றி, முடிவில் கீல் பூசிய வட்டின்மேல் மெருகிட வேண்டும். பிழை, ஒளியின் அலைநீளத்தில் எட்டிலொரு பங்கைத் தாண்டலாகாது. அதாவது மில்லிமீட்டரில் பதினாயிரத்திலொரு கூறுக்கும் குறைவு! விரலின் சூடு பட்டாலே பரப்பு புடைத்துக் காட்டும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இத்துணை நுண்ணிய பிழையை அளக்க, ஊசித்துளை விளக்கும் சவர அலகும் போதும் என்று 1858-இல் காட்டியவரும் பூக்கோவே. ஆடியிலிருந்து மீளும் ஒளியை அலகால் மெல்ல வெட்டினால், மேடும் பள்ளமும் நிழலாய் எழும். அந்நிழல் எந்தக் குலத்தான் தேய்த்தான் என்று கேட்பதில்லை.

தமிழகத்திலும் அந்த வேலை நடந்தது. கோடைக்கானல் வானாய்வகத்தில் வேணு பாப்புவின் குழுவினர் உருவாக்கிய 38 செ.மீ. தொலைநோக்கி, 1968-இல் சவ்வாது மலைக் காவலூரில் நின்றது. பின்னர் செருமனியிலிருந்து வந்த 2.34 மீட்டர்க் கண்ணாடிப் பாளத்தைப் பெங்களூரில் நம்மவரே தேய்த்து மெருகிட்டனர். 1986 சனவரி 6 அன்று அத்தொலைநோக்கி பாப்புவின் பெயரைப் பெற்றது. 1982-இலேயே மறைந்துவிட்ட அவர், அதன்வழி ஒரு விண்மீனையும் பார்க்கவில்லை.