தேசிங்குராசன் கதைப்பாடலில் முரண் படிமங்களும் இராணிப்பேட்டை ஊர்ப்பெயர் மரபும்

முன்னுரை

செஞ்சியை ஆண்ட புந்தேல இராசபுத்திரர் சொரூப்சிங்கின் மகன் தேசிங்கு, 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்டான். போருக்குக் காரணம் திறைப் பாக்கி. இவ்வரசியல் நிகழ்வைக் கதைப்பாடல் காதல் அவலமாக மாற்றியமைத்துள்ளது. அம்மாற்றத்தில் முரண் படிமங்களின் பங்கையும், தோல் தொழில் நகரான இராணிப்பேட்டையின் பெயர் மரபில் அவை தொடரும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மணமும் போரும்

தேசிங்கின் நண்பன் மகபத்கான், தன் திருமண வேளையில் போர்ச்செய்தி பெற்று மணக்கோலத்தை நீத்துக் களம் புகுகிறான். மணப்பந்தலும் போர்க்களமும் அடுத்தடுத்து வைக்கப்படுவதால், நிறைவுறாத மணமே போரின் கொடுமைக்கு அளவுகோலாகிறது. விடைபெறச் சென்ற தேசிங்கிடமிருந்து சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்னும் வழக்கும் இத்தகையதே. அருள் வேண்டிய இடத்தில் மறுப்பே கிடைக்கிறது. இரு காட்சிகளிலும் மங்கலமே அழிவின் முன்குறியாகிறது.

மூதானந்தமும் ஊர்ப்பெயரும்

இம்முரண் தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதில் முற்றுப்பெறுகிறது. கணவனோடு மாய்ந்தவளைக் குறித்து வழிச்செல்வோர் உரைப்பதைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் மூதானந்தம் என்னும் துறையாக வகுக்கிறது. இத்துறையில் பேசுவோர் பிறர்; மாய்ந்தவளுக்குக் கூற்று இல்லை.

அவள் நினைவாக நவாபே பாலாற்றின் வடகரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே, இராணிப்பேட்டையை அமைத்தார் என்பது மரபு. ஊர் தோன்றிய ஆண்டாக 1771 குறிக்கப்படுவதும் உண்டு. சாதத்துல்லாகான் 1732இல் மறைந்தவராதலின் இவ்விரு செய்திகளும் ஒருங்கே பொருந்தா. எனினும், கொன்றவனே நினைவுச்சின்னம் எழுப்பினான் என்னும் முரண் கதைப்பாடலின் அமைப்போடு இயைவதால், காலப் பிழையையும் மீறி இம்மரபு நிலைத்தது எனலாம்.

கதைப்பாடல் அவளை இராணிபாய் என்கிறது. இராணி, பாய் ஆகிய இரண்டும் மதிப்புச் சொற்களே. இயற்பெயர் அவற்றில் இல்லை. ஊர்ப்பெயரும் அம்மதிப்புச் சொல்லையே ஏற்றது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த மாவட்டமும் அதே பெயரைத் தாங்குகிறது.

முடிவுரை

மணம் × போர், அருள் × மறுப்பு, பகை × நினைவு என்னும் முரண்கள் வரித் தகராறு ஒன்றை அவலக் காவியமாக்கின. அதே முரண்கள் ஓர் இளம்பெண்ணின் சாவைப் பெருமையாக்கி, அவளது குரலை மறைத்தன. கதைப்பாடல்களையும் ஊர்ப்பெயர்களையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், படிமம் வெளிப்படுத்துவதோடு அது மறைப்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.