அமெரிக்கத் தேன் வணிகம்: வளர்ப்போரும் அடைப்போரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருமளவில் தேனீ வளர்ப்போர் தேனைப் பீப்பாய்க் கணக்கில் விற்கின்றனர். ஒரு பீப்பாய் சுமார் 300 கிலோ பிடிக்கும். அதை வாங்கிச் சூடாக்கி, வடிகட்டி, வேறு தேன்களோடு கலந்து புட்டியில் அடைப்பவை தனி நிறுவனங்கள். பீப்பாய் விலை ஏறினால் வளர்ப்பவருக்கு வரவு, அடைப்பவருக்குச் செலவு. இத்தொழிலில் எழுந்த பெரும்பாலான சங்கங்களும் சச்சரவுகளும் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைத்தவையே.

இரு வேலைகளையும் ஒருவரே செய்தால் என்ன என்ற முயற்சி 1921-இலேயே தொடங்கியது. அயோவா மாநிலத்தின் சூ நகரில் ஐந்து தேனீ வளர்ப்போர் 200 டாலரையும் 3,000 பவுண்டு தேனையும் முதலாகப் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ‘சூ பீ’ என்ற பெயரில் விற்கும் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆயினும் வளர்ப்போரில் பலர் அதற்கு வெளியிலேயே இருந்துவிட்டனர்.

1949-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின்படி அரசு தேனுக்கு ஆதரவு விலை வழங்கியது. 1980-களின் தொடக்கத்தில் அந்த விலை உலகச் சந்தை விலையை மிஞ்சிவிட, விசித்திரமான நிலை உருவானது. வளர்ப்போர் தேனை அந்த ஆதரவு விலைக்கு அரசிடம் ஈடுவைத்துக் கடன் வாங்கினர். பிறகு தேனை மீட்கவே இல்லை. அடைப்போரோ மலிவான இறக்குமதிக்குப் போனார்கள். உள்நாட்டுத் தேன் அரசுக் கிடங்கிலும் வெளிநாட்டுத் தேன் கடைப் புட்டியிலும் இருந்தன. யாரையும் குறைசொல்ல முடியாது. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரியாகவே இருந்தது.

வணிக அளவில் தேனெடுப்போர் இதற்கு முன்பே, 1969-இல், தேன் உற்பத்தியாளர் சங்கத்தைத் தனியே தொடங்கியிருந்தனர். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கப் பார்த்தது. பவுண்டுக்கு ஒரு சென்ட் வீதம் வளர்ப்போரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலித்து, அச்சட்டத்தின்படி அமைந்த தேசியத் தேன் வாரியம் தேனுக்கு விளம்பரம் செய்தது. ‘எங்கள் காசில் அயல்நாட்டுத் தேனுக்கும் விளம்பரமா?’ என்ற முணுமுணுப்பு வளர்ப்போரிடையே ஓயவில்லை. 2008-இல் முறை மாறியது: கட்டணம் அடைப்போரையும் இறக்குமதியாளரையும் சேர்ந்தது. வாரியமும் பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போனது.

சீனத் தேன் வந்தபோது பிளவு கூர்மையானது. உற்பத்தியாளர் சங்கமும் சூ நகரக் கூட்டுறவும் கொடுத்த மனுவின்மேல் 2001-இல் சீனா, அர்ஜென்டினா தேன் மீது, நியாய விலைக்குக் கீழே விற்பதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடை வரி விதிக்கப்பட்டது. வரியைத் தவிர்க்கச் சீனத் தேன் வேறு நாடுகளின் வழியாக, வேறு நாட்டுப் பெயரில் வந்தது. எந்த நாட்டுத் தேன் என்பதை அதிலுள்ள மகரந்தம் காட்டிக்கொடுக்கும் என்பதால், நுண்வடிகட்டலில் மகரந்தத்தையே நீக்கியதும் உண்டு. சுமார் 8 கோடி டாலர் வரி ஏய்ப்புக்காக 2010-இல் ஒரு ஜெர்மன் வணிகக் குழுமத்தின் மீது சிகாகோவில் வழக்குத் தொடரப்பட்டது. 2013-இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் சிக்கின. அதே 2010-இல் அடைப்போரும் இறக்குமதியாளரும் சிலர் சேர்ந்து, தேன் பிறந்த இடத்தைச் சான்றளிக்கும் ‘ட்ரூ சோர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினர். நேர்மையான அடைப்பு நிறுவனத்துக்கும் கள்ளத்தேனோடு விலையில் போட்டியிட முடியவில்லை; வளர்ப்போரின் கவலையை அடைப்போர் பகிர்ந்துகொண்ட அரிய தருணம் அது.

2022-இல் பொருள்குவிப்புத் தடை வரி இந்தியா, வியட்நாம், பிரேசில் தேன்களுக்கும், மீண்டும் அர்ஜென்டினா தேனுக்கும் வந்தது. மனு கொடுத்தவை இம்முறையும் உற்பத்தியாளர் சங்கமும் சூ நகரக் கூட்டுறவுமே. எனினும் அமெரிக்கர் உண்ணும் தேனில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான். வளர்ப்போரில் பலர் பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்கு மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு விட்டு வருவாயைச் சரிக்கட்டுகின்றனர்.