ரிப்பேருக்கு முன் ஒரு நகல்: ஹார்ட் டிஸ்க்கின் கதை



பத்து நாளாகப் பதிவு எதுவும் காணோமே, உடம்புக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் நலம். படுத்துவிட்டது என் லேப்டாப்தான். பதினோரு வயது அதற்கு. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, டிஸ்க்கில் பிழை என்ற எச்சரிக்கை திரையில் வந்தது.

அதில் என் முப்பது வருட வகுப்பு குரூப் போட்டோக்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்றதும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்தேன். அசல் ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. உங்களுக்கெல்லாம் புத்தி சொன்ன வாத்தியார் செய்த வேலை இது.

கடையில் காட்டினேன். “ஃபார்மட் போட்டால் சரியாகிடும் சார்” என்றார்கள். நல்லவேளை, 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்திக்குப் போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “சார், காப்பி எடுத்தாச்சா?” இல்லை என்றேன். “அப்போ எதையும் தொடாதீங்க, ஆஃப் பண்ணிடுங்க” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிந்துகொள்ள, இந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதலில் கண்ணில் பட்டதே ஒரு பள்ளி ஆசிரியர்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் ரெனால்ட் ஜான்சன். பென்சில் கோடு மின்சாரத்தைக் கடத்தும் என்பது நீங்களும் படித்த பாடம்தான். அதை வைத்தே கொள்குறி விடைத்தாள் திருத்தும் கருவி ஒன்றைச் செய்தார். 1934-ல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1952-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஆய்வுக்கூடம் அமைக்க அவரை அனுப்பியது. அங்கே அவருடைய குழு உருவாக்கியதுதான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். 1956 செப்டம்பரில் ‘ரேமாக்’ என்ற கணினியோடு அது வெளிவந்தது. இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது நிறைந்துவிடும்.

அந்தத் தட்டுகளில் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு பூசினார்கள். கட்டி இல்லாமல் இருக்க, பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் வடிகட்டினார்களாம். ஒரு சிறு துகள் இருந்தாலும் அந்த இடத்தில் எழுத்து நிற்காது. ஆக, குறை இல்லாத தட்டு என்று அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

1980-களில் வந்த சிறிய ஹார்ட் டிஸ்க்குகளில் இதை மறைக்கக்கூட இல்லை. எந்தெந்தத் தடத்தில் பழுது என்ற பட்டியலைத் தொழிற்சாலையிலேயே அச்சிட்டு மேலே ஒட்டி அனுப்பினார்கள். வாங்கியவர் அதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும். பின்னால் டிஸ்க்கே அந்த வேலையை உள்ளுக்குள் செய்யப் பழகியது. கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் நல்ல இடத்தைக் கொடுத்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

சின்னப் பிழைகளைத் திருத்தும் கணிதத்துக்கும் ஒரு கதை உண்டு. 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் இயந்திரத்திடம் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். அது பிழை கண்டதும் கணக்கைக் கைவிட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம், எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்று யோசித்தார். 1950-ல் அதற்கான வழியை வெளியிட்டார். இன்று ஒவ்வொரு டிஸ்க்கும் அந்த வழியில் வளர்ந்த கணிதத்தால் தன்னைத் திருத்திக்கொண்டேதான் படிக்கிறது.

திருத்த முடியாத அளவு பிழை வந்தால், டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். என் ஃபோல்டர் ஐந்து நிமிடம் சுற்றியது அதனால்தான்.

1990-களில் ‘ஸ்மார்ட்’ என்ற வசதி வந்தது. மாற்றிய இடங்கள் எத்தனை, படிக்க முடியாமல் நிற்பவை எத்தனை என்று டிஸ்க்கே கணக்கு வைக்கும். ஆனால் 2007-ல் கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை என்னை யோசிக்க வைத்தது. சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு அதிகமாம். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் உருப்படியான எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லையாம்.

இப்போது என் மாணவி சொன்னது புரிந்தது. விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ முழுத் தட்டையும் சோதித்துக் கெட்ட இடத்தை ஒதுக்கும். அங்கிருந்த போட்டோவைத் திருப்பித் தராது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் அதுவே கடைசி ஓட்டமாகவும் ஆகலாம்.

அவள் பயன்படுத்தியது ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள். சுலபமாகப் படிக்க முடிவதை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். மாட்டிக்கொண்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து மீண்டும் முயலும். ‘தெரிந்த கேள்வியை முதலில் எழுது, தெரியாததில் உட்கார்ந்துவிடாதே’ என்று தேர்வுக்கு முன் நான் சொன்னதை இப்போது எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் ஓடியது. எல்லாம் கிடைத்தது, 1989-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு போட்டோவைத் தவிர. பாதிப் படத்துக்கு மேல் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. முன்வரிசையில் உட்கார்ந்த ஆசிரியர்களில் மூவர் இன்று இல்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மற்றவர்களுக்கு ஒரே வீட்டுப்பாடம்: இன்று இரவு, ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படங்களை இன்னொரு இடத்துக்கு நகல் எடுங்கள். டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். செக்டிஸ்க், ஃபார்மட், புது எஸ்.எஸ்.டி. எல்லாம் நகல் எடுத்த பிறகுதான்.

முடித்தவர்கள் கீழே ‘ஆச்சு சார்’ என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது!