மன்றோவின் தாயகப் பயண ஆயத்தமும் இறுதிச் சுற்றுப்பிரயாணமும் (1823–1827)

1820 ஜூன் முதல் இறக்கும் வரையில் சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, பதவியைத் துறந்து பிரிட்டனிலிருந்த தம் குடும்பத்தாரிடம் போய்ச்சேர நான்காண்டு காலம் முயன்றும், அது கைகூடுமுன்னரே 1827-இல் காலமானார்.

மன்றோ கிளாஸ்கோ நகரில் 1761-இல் பிறந்தவர். அவருடைய தந்தை, அமெரிக்க விடுதலைப் போரினால் புகையிலை வியாபாரம் நசித்துப் பொருளிழந்தவர். அக்குடும்பத்தைத் தாங்கவேண்டிய நிலையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பயிற்சி வீரராக 1780-இல் சென்னையில் வந்திறங்கிய இளைஞர், ஹைதர் அலியோடு நடந்த போரில் ஈடுபட்டு, பின்பு பாராமகாலிலும், கன்னடக் கரையிலும், கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட பல்லாரி, கடப்பை முதலிய தத்த ஜில்லாக்களிலும் நிலவரி நிர்வாகம் செய்து, இருபத்தெட்டாண்டு கழித்தே முதன்முறையாக ஊர் திரும்பினார். ஜேன் காம்பெல் என்னும் மங்கையை 1814-இல் அவர் மணந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. காலந்தாழ்த்து வாய்த்த இந்த இல்வாழ்க்கை அவருக்கு எத்துணை அருமையாயிருந்தது என்பதை அவருடைய கடிதங்களைப் படிப்போர் நன்கு உணரலாம்.

கவர்னராக வந்தபோது மூத்த மகனைக் கைக்குழந்தையாகவே உறவினரிடம் விட்டு வரவேண்டியிருந்தது. இந்தியாவின் வெப்பம் குழந்தைகளுக்கு ஒவ்வாதென்று அஞ்சிய வெள்ளை உத்தியோகஸ்தர்கள் அநேகர் இவ்வாறே செய்தனர். இளைய மகன் காம்பெல் 1823-இல் பிறந்தான். அவ்வாண்டிலேயே மன்றோ தம்மை விடுவிக்குமாறு இங்கிலாந்துக்கு எழுதினார். ஆனால் 1824-இல் பர்மா யுத்தம் மூண்டு, சென்னைச் சிப்பாய்களையும் தளவாடங்களையும் கடல் கடந்து அனுப்பும் பொறுப்பு அவர்மீது விழவே, அந்நேரத்தில் விலகுவது தகாதெனத் தாமே தங்கிவிட்டார். யுத்தம் முடியும் தறுவாயில் சிறுவனுடைய தேகம் நலிய, அவனை அழைத்துக்கொண்டு 1826-இல் லேடி மன்றோ கப்பலேறினார். கிண்டி மாளிகையில் தனியே எஞ்சிய மன்றோ, அவர்கள் உலாவிய தோட்டத்தையும் வெறுமையான அறைகளையும் பற்றி மனைவிக்கு எழுதியவை உள்ளத்தை உருக்குவன.

யுத்தம் ஓய்ந்தபின் அவர் மீண்டும் விடுதலை கோரினார். கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று சேர அக்காலத்தில் ஏறக்குறைய ஐந்து மாதமாயிற்று. மறுமொழி வரவும் அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. புதிய கவர்னர் வந்து பொறுப்பேற்காமல் பழையவர் புறப்படுதல் வழக்கமாயில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் விவகாரத்தில் கலெக்டராயிருந்து தமிழர் சரித்திரத்தில் இடம்பெற்ற ஸ்டீபன் லஷிங்டனே அடுத்த கவர்னராக வரவிருந்தார். அவர் வரும்வரை சென்னையில் சும்மா காத்திராமல், தாம் 1800 முதல் 1807 வரை கலெக்டராயிருந்த தத்த ஜில்லாக்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவர மன்றோ விரும்பினார். இதனை வெறும் விடைபெறும் சடங்காகக் கருதுவது பொருந்தாது. அங்கே, குடியானவரிடமே நேராக வரி தண்டும் ரயத்துவாரி முறையில் தாம் விதித்த வரி கடுமையானதென்று உணர்ந்து, அதில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்குமாறு 1807-இலேயே சிபாரிசு செய்தவர் அவர். அச்சலுகை அவர் கவர்னரான பின்னரே குடியானவர்களுக்குக் கிட்டியது. அந்நிய ஆட்சியின் ஊழியரே எனினும், தம் கணக்கு உழவனை எவ்வாறு அழுத்திற்று என்பதைத் தாமே எடுத்துரைத்த நேர்மை போற்றத்தக்கது.

1827 மே மாத இறுதியில் பரிவாரத்தோடு புறப்பட்டார். ஜூலைத் தொடக்கத்தில் குத்தியை அடைந்தபோது, உடன்வந்த காவற்படையில் வாந்திபேதி கண்டது. ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் காலை வேளையில் அந்நோய் மன்றோவையும் பற்றியது. தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சி, அருகிருந்து பணிவிடை செய்தவர்களைக் கூடாரத்தை விட்டுப் போகும்படி பலமுறை வேண்டினார், அவர்கள் போகவில்லை. அன்றிரவு ஒன்பதரை மணியளவில் உயிர் பிரிந்தது. மறுநாள் குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட சடலத்தின் எச்சங்கள் 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. பத்திகொண்டாவில் ஒரு தோப்பும் கிணறும், குத்தியில் ஒரு சத்திரமும் அவர் நினைவாக ஏற்பட்டன. பொதுமக்களின் நன்கொடையால் சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த குதிரை மேலமர்ந்த வெண்கலச் சிலை 1839-இல் சென்னையில் நிறுவப்பெற்றது.

மன்றோ இறந்தபின் ஹென்றி கிரீம் தற்காலிகமாக ஆட்சியை நடத்த, லஷிங்டன் 1827 அக்டோபர் 18-ஆம் தேதி பதவியேற்றார். மன்றோவின் பட்டம் மூத்த மகன் தாமஸுக்குச் சென்றது. அவருடைய கடிதங்களைத் தொகுத்து கிளெய்க் பாதிரியார் எழுதிய வாழ்க்கைச் சரிதம் 1830-இல் வெளிவரத் தொடங்கியது.